பழைய வண்டியும் சொல்லாத சொல்லும்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை எவரேனும் எழுத முற்பட்டால், ஊர்திகளைக் கொண்டே அதனைக் காலப்பகுதிகளாகப் பிரித்துவிடலாம். மிதிவண்டிக் காலம், பேருந்துக் காலம், முன்பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற ஸ்கூட்டர்க் காலம், அதன் பின்னர், பிள்ளைகள் இருவராகி, ஊரிலிருந்து முதிய பெற்றோரும் வந்து சேர்ந்து, ஸ்கூட்டரில் இனி இடமில்லை என்றானபோது வாயிலில் வந்து நிற்கும் பழைய கார்க் காலம். புதிய கார் என்பது நம்மில் பலருக்கு அதற்கும் பிற்பட்டது. சிலருக்கு வராமலே போனது. வீட்டுக் கடனும், தங்கையின் திருமணமும், ஆண்டுக்கொருமுறை குடும்பத்தோடு ஊருக்குச் சென்றுவரும் செலவும் போக எஞ்சியதில்தானே வண்டி வாங்கவேண்டும்?

ஆதலின் பழைய வண்டி வாங்குதல் நம்மவர்க்குப் பழகிய செயல். பழகிய செயலாய் இருப்பதனாலேயே அதனுள் அடங்கிய அறவினா நம் கண்ணில் படுவதில்லை. விற்பவர் தம் வண்டியின் குறைகளைக் கேளாமலே எடுத்துரைக்கக் கடமைப்பட்டவரா? சொல்லாதிருத்தல் பொய்யாகுமா? இவ்வினாவை நாங்கள் நூல்களில் தேடிச் சென்று கண்டெடுக்கவில்லை. சிறிய பெட்ரோல் வண்டி ஒன்றை 2010இல் வாங்கி 2017இல் விற்றபோது, அது தானாகவே எங்கள் கூடத்தில் வந்து அமர்ந்துகொண்டது.

முன்னொரு காலத்தில் இவ்வினாவுக்கே இடமில்லாதிருந்தது. எண்பதுகளின் தொடக்கம் வரை இந்நாட்டில் காரென்றால் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் பிரீமியர் பத்மினி, சென்னையின் ஸ்டாண்டர்டு என விரல்விட்டு எண்ணத்தக்கவைதாம். பணம் கட்டியவர் பல்லாண்டு காத்திருந்த அந்நாளில், புதிய வண்டியின் விலைக்கு மேலும் கொடுத்துப் பழையதை வாங்கியவர் உண்டு. விற்பவர் அரசர், வாங்குபவர் இரவலர். இரவலர் குறை கேட்பதேது? 1983 டிசம்பர் 14ஆம் நாள் முதல் மாருதி 800 வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் தம் கையால் வழங்கினார். அதன் பின்னர்ச் சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. வண்டிகள் பெருகின, தெரிவு செய்யும் உரிமை வாங்குபவர்க்கு வந்தது, உரிமையோடு ஐயமும் வந்தது.

அந்த ஐயத்தோடுதான் நாங்களும் 2010ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் மூன்று மாதங்கள் அலைந்தோம். கரோல் பாக் கடைத்தெருவையும் விட்டுவைக்கவில்லை. அலைந்து கற்றவற்றுள் சிலவற்றைப் பின்வருவோர் பயன் கருதி ஈண்டுக் குறித்துவைப்பதில் தவறில்லை. வண்டி பார்க்க விடியற்காலையில் செல்லுதல் நலம். சென்றவுடன் எஞ்சின் மூடியின்மேல் கையை வைத்துப் பார்க்கவேண்டும். சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத எஞ்சினை நமக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம். புகை நீலமானால் எண்ணெய் எரிகிறது. கருமையானால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. வெண்புகை நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் கசிகிறது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின்மேல் நகர்த்தினால், தகடு உள்ள இடத்தில் ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. சக்கரத்தின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லிவிடும். ஓடிய தூரம் காட்டும் மீட்டரை மட்டும் நம்பலாகாது. தரகர் ஒருவர் காட்டிய வண்டியில் அது முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் என்றது. பிரேக் மிதியின் ரப்பரோ வரிகளெல்லாம் அழிந்து வழுவழுப்பாய்த் தேய்ந்து கிடந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றிப் பின்னாளில்தான் அறிந்தோம். பம்பாயில் 2005 ஜூலையிலும் சென்னையில் 2015 டிசம்பரிலும் நீரில் நின்ற வண்டிகளை எண்ணிப் பார்த்தால், இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக்கறை உண்டா என்று நோக்குவது எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

இவ்வாறு அனைவரையும் ஐயுறப் பழகிய கண்ணோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் ஒரு பெரியவரின் வீட்டுக்குச் சென்றோம். மைய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தஞ்சை மாவட்டத்துக்குத் திரும்பவிருந்தவர். கூடத்தில் பாதிக் கட்டப்பட்ட மூட்டைகள். காப்பி கொடுத்துவிட்டு, நீளமான குறிப்பேடு ஒன்றை எடுத்து எங்கள் முன் வைத்தார். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் 2004ஆம் ஆண்டு வண்டி வாங்கிய நாள் முதல் பெட்ரோல் ஊற்றிய ஒவ்வொரு முறையும், ஓடிய தூரமும், பழுது பார்த்த செலவும் முத்து முத்தான தமிழ் எழுத்தில் இருந்தன. நாங்கள் ஒன்றும் கேட்குமுன்னரே அவர் சொல்லத் தொடங்கினார். 2007இல் பேருந்து ஒன்று உராய்ந்து இடப்பக்க முன்கதவு மாற்றப்பட்டது. குளிர்காலக் காலையில் இரண்டாம் கியர் சற்று முரண்டு பிடிக்கும். பிறகு, “2008 மே மாதம் முசௌரி ஏறும்போது பாதி வழியில் கொதித்து நின்றுவிட்டது. ரேடியேட்டரை மாற்றினேன். அடுத்த ஆண்டு ஏறியபோதும் அப்படியே கொதித்தது. எஞ்சினைத் திறந்துதான் பார்க்கவேண்டும் என்கிறார்கள். நகரத்துக்குள் ஒரு தொல்லையும் இல்லை, தம்பி. மலைக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள்” என்றார்.

நாங்கள் செய்தது என்ன? அவர் கேட்ட விலை 1,40,000 ரூபாய். அவர் வாயால் வந்த குறைகளையே படிக்கட்டுகளாக்கி ஒவ்வொன்றாய் இறங்கினோம். கதவுக்கு இவ்வளவு, கியருக்கு இவ்வளவு, கொதிப்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு 1,18,000இல் கொண்டு நிறுத்தினோம். எங்களுக்கு மலைக்குப் போகும் எண்ணமே இருந்ததில்லை. அக்குறையால் எங்களுக்கு ஒரு காசும் இழப்பில்லை என்பதை அறிந்தே அதற்காகப் பத்தாயிரம் குறைத்தோம். முந்தைய வாரம், ஒரு குறையும் சொல்லாத தரகரிடம் எங்களால் ஐயாயிரம்கூடக் குறைக்க முடியவில்லை! பெரியவர் சிறிது நேரம் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். குறிப்பேட்டையும் வண்டியோடு கொடுத்தார். அன்றிரவு எங்கள் வீட்டில் பாயசம்.

பழைய கார்ச் சந்தையைப் பற்றி 1970இல் ஜார்ஜ் அகர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். அதனை மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்தன, நான்காவது வெளியிட்டது. 2001இல் அவர் மேலும் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது முதன்மையாகப் பேசப்பட்டது அக்கட்டுரையே. அதன் கருத்து எளிமையானது. வண்டி நல்லதா தீயதா என்பதை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். அறியாதவர் எல்லா வண்டிக்கும் ஒரு நடுத்தர விலையையே தர முன்வருவார். அவ்விலைக்குத் தம் நல்ல வண்டியைத் தர மனமின்றி நல்லவர் விலகுவர், எஞ்சுவன தீயவை, அதனால் விலை மேலும் இறங்கும், மேலும் சிலர் விலகுவர். சந்தை கெடுவதற்கு எல்லாரும் தீயவராய் இருக்கவேண்டியதில்லை என்பதுதான் இதில் நம்மை அச்சுறுத்தும் செய்தி.

அகர்லாப் கூறியது அறியாமையால் நேரும் கேடு. நாங்கள் செய்ததோ அதனினும் ஒரு படி மேல். எங்களுக்கு அறியாமை இல்லை. பெரியவர் அதை நீக்கிவிட்டார். உண்மை சொன்னவர்க்கு அபராதம் விதித்து, சொல்லாதவர்க்கு முழு விலை தர முனைந்தவர்கள் நாங்கள். விற்பவரெல்லாம் பொய்யர் என்று நம்மவர் கூடுமிடங்களில் அலுத்துக்கொள்கிறோமே, அவர்களை வாய்மூடப் பழக்கியவர் யாவர் என்று எவரும் கேட்பதில்லை. வணிகரின் நேர்மைக்கு வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் இடமளித்ததையும், காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்வதையும் எடுத்துக்காட்டாத சங்க மலர் அரிது. அவை விற்பவர்க்குக் கூறப்பட்டவை என்றே நாம் வாசித்துப் பழகிவிட்டோம்.

சட்டம் இதில் என்ன கூறுகிறது? 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, வாங்குபவரே விழித்திருக்கவேண்டும் என்னும் பழைய கொள்கையையே பின்பற்றுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில், வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது. பேசவேண்டிய கடமை இருந்தாலன்றி, அல்லது மௌனமே பேச்சுக்கு ஒப்பானாலன்றி. அதற்கு அச்சட்டம் தரும் எடுத்துக்காட்டு ஒரு குதிரை. நோயுற்றது என்றறிந்தும் ஒன்றும் சொல்லாமல் ஒருவர் குதிரையை ஏலத்தில் விற்றால் அது மோசடியன்று. ஆனால் வாங்குபவள் அவருடைய மகளாய், அண்மையில்தான் உரிய வயதடைந்தவளாய் இருந்தால், அந்த உறவே சொல்லும் கடமையைத் தோற்றுவிக்கிறது. கார்கள் பிறவாத காலத்துச் சட்டம். குதிரையின் இடத்தில் காரை வைத்தால் ஒரு சொல்லும் மாற்றவேண்டாம்.

மகளுக்குச் சொல்லவேண்டும், அயலாருக்குச் சொல்லவேண்டியதில்லை. இங்கேதான் புலம்பெயர்ந்து வாழும் நமக்கு ஒரு சிக்கல் எழுகிறது. அயல் மண்ணில் மொழியே உறவாகிவிடுகிறது. பெரியவர் எங்களிடம் உண்மை சொன்னது நாங்கள் தமிழர் என்பதனால் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எங்களுக்கு இனிதாகவும் இருந்தது. பின்னர் அதே குடியிருப்பில் வாழும் நண்பர் ஒருவர் வேறொன்று கூறினார். எங்களுக்கு முன்பே ஒரு பஞ்சாபி அன்பர் அவ்வண்டியைப் பார்க்க வந்தாராம். ஆண்டுதோறும் வைஷ்ணவ தேவிக்குச் செல்பவர் என்றறிந்ததும், “உங்களுக்கு இது உதவாது” என்று பெரியவரே திருப்பி அனுப்பிவிட்டாராம். அவருடைய வாய்மைக்கு மொழி இருக்கவில்லை.

உரோமானிய அறிஞர் சிசெரோ கி.மு. 44இல் தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் இதற்கொத்த வழக்கொன்றை ஆராய்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் வேறு பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவன் மட்டுமே அறிவான். சொல்லிவிட்டு விற்பதா, சொல்லாமல் உயர்ந்த விலைக்கு விற்பதா? மறைப்பது வேறு, பேசாதிருப்பது வேறு என்று டயோஜெனிஸ் வாதிப்பதாகவும், மனிதர் அனைவரும் ஒரு சமுதாயத்தினராதலால் வாங்குபவன் அறியாதது ஒன்றும் இருத்தலாகாது என்று அன்டிபேட்டர் மறுப்பதாகவும் காட்டி, சிசெரோ பின்னவர் பக்கமே நிற்கிறார். டயோஜெனிஸின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. அறிந்ததையெல்லாம் சொல்லியே தீரவேண்டுமெனில் விற்பனையே எதற்கு, கொடையாகவே கொடுத்துவிடலாமே என்கிறார் அவர். இவ்வாதத்தை 2017ஆம் ஆண்டின் ஓர் இரவில் நாங்கள் மிகுந்த ஊக்கத்தோடு கையிலெடுத்தோம்.

வண்டிக்கு அப்போது பதின்மூன்று வயது. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தில்லியில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ஆணையிட்டிருந்தது. (அவ்விதியை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்ததும், 2025இல் அது பட்ட பாடும் தனிக்கதை.) ஆகவே உள்ளூரார் எவரும் விலை கேட்கவில்லை. தலைநகர் வட்டத்துக்கு அப்பாலிருந்து ஓர் இளைஞர் வந்தார். குமாவுன் மலைப்பகுதியில் அல்மோராவை அடுத்த சிற்றூரில் பள்ளி ஆசிரியர். தந்தைக்கு உடல்நலமில்லை, மாதம் இருமுறை ஹல்துவானி மருத்துவமனைக்கு அழைத்து வரவேண்டும், அதற்காகவே வண்டி என்றார். ஹல்துவானி மலையடிவாரத்தில் உள்ளது. அங்கிருந்து அல்மோராவுக்குச் சுமார் 90 கிலோமீட்டர், பெரும்பாலும் மலைப்பாதை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “நகரத்தில் எப்படி ஓடுகிறது, அங்கிள்?” நகரத்தில் ஒரு தொல்லையும் இல்லை என்றோம். அது முழு உண்மை. அறுபதாயிரம் ரூபாய் என்று பேசி, ஐயாயிரம் முன்பணமும் தந்தார். அப்போது எங்களுக்குள் ஏதோ ஒன்று உறுத்தியிருக்கவேண்டும். உள்ளே சென்று பெரியவரின் குறிப்பேட்டைக் கொண்டுவந்து, “எல்லாம் இதில் எழுதியிருக்கிறது” என்று அவர் கையில் கொடுத்தோம். அவர் சில பக்கங்களைப் புரட்டினார். வட்டம் வட்டமான எழுத்துகளைக் கண்டு புன்னகை செய்தார். அழகாக எழுதியிருக்கிறீர்கள் என்று கூறி, மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார்.

நாங்கள் மறைத்தோமா? ஆவணத்தையே கையில் கொடுத்தோம். பொய் சொன்னோமா? ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் குதிரைக்காரர்கூட எங்களைவிட மௌனமானவர். ஆயினும் இரவு உணவுக்குப் பின் எங்கள் இல்லத்தரசி அக்குறிப்பேட்டைத் திறந்து 2008 மே மாதத்துப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “முசௌரி மலை என்றால், அல்மோரா என்ன சமவெளியா?” என்று கேட்டார். அதன்பின் நடந்த விவாதம் நள்ளிரவு வரை நீண்டது. நாங்கள் ஒருநாளும் மலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில்லை, குறை இப்போதும் உண்டா என்று எவ்வாறு தெரியும்? அவர் படித்தவர், மெக்கானிக்கை அழைத்து வந்திருக்கலாம். அறுபதாயிரத்துக்கு வாங்குபவர் அறுபதாயிரத்துக்கு உரிய வண்டியைத்தானே எதிர்பார்ப்பார்? வாதங்கள் ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு வாதத்தின் முடிவிலும், நாங்கள் முகம் பார்த்தறியாத ஒரு முதியவர், வளைவுப் பாதையின் ஓரத்தில், மூடி திறந்து ஆவி பறக்கும் வண்டிக்குள் அமர்ந்திருந்தார்.

காலையில் தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். ஏற்றத்தில் சூடாகும், எஞ்சினைத் திறந்து பார்க்கவேண்டும் என்பதை எங்கள் இந்தியில் சொல்லி முடிக்க நேரமாயிற்று. சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பின்னர், “நேற்று ஏன் சொல்லவில்லை?” என்றார். எங்களுக்குத் தெரிந்த எம்மொழியிலும் அதற்கு விடை இல்லை.

அடுத்த ஞாயிறன்று உறவினரான மெக்கானிக் ஒருவரோடு வந்தார். ஓட்டிப் பார்த்தார்கள், ஒதுங்கி நின்று பேசினார்கள். 48,000 என்றார்கள். எங்களுக்குச் சினம் மூண்டது. நாமாகச் சொன்னதற்குப் பன்னிரண்டாயிரமா! சொல்லாதிருந்தால் முழுத்தொகையும் வந்திருக்குமே! அச்சினம் எவ்வளவு நேரம் இருந்தது என்று சொல்ல இயலாது. இராமகிருஷ்ணபுரத்துக் கூடமும், பாதிக் கட்டிய மூட்டைகளும், குறிப்பேட்டைப் பார்த்தபடி இருந்த அந்தக் கண்களும் நினைவுக்கு வரும்வரை இருந்தது. சரி என்றோம்.

பெயர் மாற்றப் படிவங்களிலும் வேற்று மாநிலத்துக்குரிய தடையின்மைச் சான்றிலும் நாங்கள் காட்டிய கண்டிப்பை இங்குக் குறிப்பிடவேண்டும். வண்டியை விற்றுவிட்டுப் பெயரை மாற்றாமல் விட்டவர், பின்னர் நேரும் விபத்துக்கும் தாமே பொறுப்பாவர் என்று மறு ஆண்டே, 2018இல், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவர் பலர் இதில் அசட்டையாக இருப்பதைக் கண்டிருக்கிறோம்.

கையெழுத்துகள் முடிந்த பின்னர், இளைஞர் அக்குறிப்பேட்டைக் கேட்டார். அதில் உள்ளதைப் படித்துச் சொன்னால் தம் ஏட்டில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். ஆகவே அமர்ந்தோம். எங்கள் இல்லத்தரசி தமிழில் படிக்க, நாங்கள் இந்தியில் சொல்ல, அவர் எழுதினார். பேருந்து உராய்ந்தது, கியர், முசௌரி, ரேடியேட்டர் மாற்றிய நாள், அதன் விலை, இரண்டாம் முறை கொதித்தது எல்லாம் எழுதிக்கொண்டார். 2010ஆம் ஆண்டு வந்ததும் எழுத்து நின்றது. அதன்பின் இருந்தவை வெற்றுத் தாள்கள்.

“பிறகு ஏழு ஆண்டுகள்?” என்று கேட்டுப் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்னர், முதலாண்டில் பிரேக் கட்டை மாற்றியது எந்த மாதம் என்பதிலிருந்து நினைவுகூரத் தொடங்கினோம்.